ஆற்றுக்குள் வந்த சாளை

கானா நாட்டின் தலைநகர் அக்ராவிலிருந்து வடகிழக்கே போகும் நெடுஞ்சாலை, அட்டிம்போக்கு என்ற ஊரில் வோல்ட்டா ஆற்றைத் தொடுகிறது. 1957இல் திறக்கப்பட்ட அடோமி பாலம் அங்கேதான் இருக்கிறது. வண்டிகள் வேகம் குறைத்ததும் தட்டுகளோடு பெண்கள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். தட்டுகளில் முக்கியமாக இரண்டு பண்டங்கள் இருக்கும். ஒன்று அபோலோ, மாவைப் புளிக்கவைத்து இலையில் பொதிந்து ஆவியில் அவித்தது. மற்றது எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்த பொடிமீன். ஒவ்வொன்றும் விரல் நுனியளவுதான். தலை கிள்ளுவதில்லை, குடல் எடுப்பதில்லை. அபோலோவைப் பிட்டு, கூடவே மீனைக் கொத்தாக அள்ளிப் போட்டுக்கொள்வார்கள். கடைத்தெரு ஆங்கிலத்தில் அதற்கு ‘ஒன் மேன் தௌசண்ட்’ என்று பெயர். ஓர் ஆள் உட்கார்ந்தால் ஆயிரம் மீன் தின்றுவிடலாம்.

அந்தத் தட்டில் கிடப்பவை பெரும்பாலும் இரண்டு இனங்கள். சிறியது சியர்ராத்ரிசா லியோனென்சிஸ். முழு வளர்ச்சியிலும் 3 சென்டிமீட்டருக்கு அருகில் நின்றுவிடும். கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டரிலேயே சினைபிடிக்கும். பெரியது பெல்லோனுலா லியோனென்சிஸ். ஆற்றிலும் ஏரியிலும் மட்டுமல்லாமல் கரையோர உப்பங்கழிகளிலும் இது வாழும். இரண்டும் கூட்டமாகவே திரிபவை, இரண்டும் மத்தி வகையறா. தூத்துக்குடியில் சாளை என்றும் கேரளக் கரையில் மத்தி என்றும் விற்கிற கடல் மீனுக்கு இவை தாயாதி முறை.

கடல்மீன் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று, கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே இருக்கும் நன்னீரில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது என்பதே வியப்புக்குரியது. ஆனால் இந்த மீனைப் பற்றி எழுதத் தூண்டுவது அந்த வியப்பு மட்டுமல்ல. கடந்த 60 ஆண்டுகளில் மேற்கு ஆப்பிரிக்காவின் ஏழைக் குடும்பங்களுக்கு இது அன்றாடப் புரதமாகிவிட்டது. அதே காலத்தில் இதைப் பிடிக்கும் வலை பல இடங்களில் சட்டவிரோதமாகிவிட்டது. இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்தே நடந்தன என்று புரிந்துகொள்ள, மீனின் பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆப்பிரிக்கா பற்றிய உயிரியல் விவாதங்களில் சூடானது, தங்கானிக்கா ஏரி பற்றிய ஒரு புதிர். நிலத்தால் சூழப்பட்ட அந்த ஏரியில் சொறிமீன் இருந்தது. கடல் சங்கை ஒத்த தடித்த ஓடுள்ள நத்தைகள் இருந்தன. ஜான் எட்மண்ட் ஷாரக் மூர் என்ற ஆங்கிலேய உயிரியலாளர் 1890களில் இரண்டு பயணங்கள் போய்ப் பார்த்துவிட்டு, ஒரு பழங்காலக் கடலின் எச்சமே இந்த ஏரி என்று வாதாடினார். 1903இல் அதை நூலாகவும் எழுதினார். மத்தி இனமும் அங்கே இருப்பது பிறகு தெரிய வந்தது. லிம்னோத்ரிசா மியோடன் என்ற இனத்தை 1906இல் பூலஞ்சரும், ஸ்டோலோத்ரிசா தங்கானிகே என்ற இனத்தை 1917இல் ரீகனும் விவரித்தார்கள். ஏரி, நிலப்பிளவுப் பள்ளத்தில் உருவானது. கடல் அதைத் தொட்டதே இல்லை என்பதைப் புவியியல் பின்னால் உறுதிசெய்தது. மூரின் கோட்பாடு விழுந்தது. ஆனால் மத்தி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அதனால் விடை கிடைத்துவிடவில்லை.

விடை 2008இல் வந்தது. அந்தோனி வில்சன், கை டூகல்ஸ், ஆக்செல் மேயர் ஆகிய மூவரும் ஆப்பிரிக்க நன்னீர் மத்திகளின் மரபணுக்களை ஒப்பிட்டுக் குடும்ப மரம் வரைந்தார்கள். தங்கானிக்கா மத்திகளின் வேர் கிழக்கு ஆப்பிரிக்காவில் இல்லை, மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்தது. 5 கோடி முதல் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் உயர்ந்து மேற்கு ஆப்பிரிக்கத் தாழ்நிலங்களுக்குள் கடல் புகுந்திருந்த காலத்தில் ஒரு கடல்மத்தி அங்கிருந்த ஆறுகளுக்குள் ஏறியது. நீர் வடிந்தபோது அதன் சந்ததி உள்ளேயே தங்கிவிட்டது. அங்கிருந்து ஆறு மாறி, படுகை மாறி, காங்கோவுக்குள் பரவியது. அந்த வழியாகவே அதன் ஒரு கிளை தங்கானிக்காவை அடைந்தது. கடல் ஏரிக்கு வரவில்லை. கடல்மீன்தான் ஆறுகள் வழியாகக் கண்டத்தின் பாதியைக் கடந்து ஏரிக்கு வந்திருக்கிறது. மூரின் முடிவு தவறானாலும் அவருடைய கேள்வி சரியானது என்பது என் கருத்து. அவர் அந்தப் புதிரை அவ்வளவு பிடிவாதமாக எழுப்பியிருக்காவிட்டால், இந்தச் சிறு மீன்களின் பூர்விகத்தைத் தேடும் அக்கறை பிறந்திருக்குமா என்பது சந்தேகமே.

ஆற்றுக்குள் வந்தது எளிய காரியம் அல்ல. கடலில் வாழும் மீனின் உடலிலிருந்து நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். அது கடல்நீரைக் குடித்து, உப்பைச் செவுள் வழியே கழிக்கிறது. நன்னீரில் எல்லாம் தலைகீழ். நீர் தானாக உள்ளே புகும், உப்பு வெளியே கசியும். செவுள் உப்பை உறிஞ்சிச் சேர்க்க வேண்டும், சிறுநீரகம் நீரை இறைத்துக் கொட்ட வேண்டும். ஆற்றுமுகங்களிலும் உப்பங்கழிகளிலும் தலைமுறைகளாகப் பழகிய இனத்துக்குத்தான் இந்த மாற்றம் வாய்க்கும். பெல்லோனுலா இன்றும் அந்த இரண்டுங்கெட்டான் நீரில் வாழ்வதைப் பார்க்கும்போது, பழைய பயணத்தின் நடுவழி கண்முன் நிற்பதாகவே தோன்றுகிறது.

உள்ளே வந்த மத்திகள் சிறுத்தன. ஆப்பிரிக்க ஆறுகளில் இந்தப் போக்கு வியக்கத்தக்க அளவுக்குப் போயிருக்கிறது. கேமரூனின் சனாகா ஆற்றிலிருந்து 1972இல் டைசன் ராபர்ட்ஸ் விவரித்த த்ராட்டிடியான் நாக்டிவேகஸ் என்ற மத்தி, வளர்ந்து முடித்தும் 2 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கிறது. சியர்ராத்ரிசாவும் இந்த வழிதான். குஞ்சுப் பருவத்து உடலோடே இவை இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடுகின்றன. எலும்புகள் மெல்லியவை, உடல் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிவது, வாழ்நாள் குறுகியது. வெள்ளமும் வறட்சியும் மாறிமாறி வரும் ஆற்றில், சீக்கிரம் பருவமெய்தி அடிக்கடி முட்டையிடுகிற உயிருக்கு ஓர் அனுகூலம் உண்டு. ஒரு பருவம் பொய்த்தாலும் அடுத்ததில் ஈடுகட்டிவிடலாம். இந்த ஒரு குணம்தான் பின்னால் வரப்போகும் சட்டச் சிக்கலுக்கும் சாவி.

மேற்கு ஆப்பிரிக்க ஓடைகளில் இந்தக் குடும்பக் கதைக்கு இன்னும் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. 1959இல் ஸ்டென்ஹோல்ட் கிளாசன் என்ற ஆய்வாளர் தென்மேற்கு நைஜீரியாவின் நன்னீரிலிருந்து டென்டிசெப்ஸ் க்ளுபியோய்டெஸ் என்ற சிறு மீனை விவரித்தார். பார்வைக்குச் சின்ன மத்திதான். ஆனால் தலையிலும் முன்னுடலிலும் நுண்ணிய பற்கள் முளைத்திருந்தன. வாய்க்குள் அல்ல, தோலின் மேல். மற்ற மத்திகளுக்கு உடலில் பக்கக்கோடு கிடையாது. நீரின் அசைவை உணரும் அந்த உறுப்பு தலையோடு நின்றுவிடும். டென்டிசெப்ஸுக்கோ அது வால்வரை முழுதாக ஓடுகிறது. மத்தி, நெத்திலி என்று உலகக் கடல்களில் பெருகிக் கிடக்கும் முழு வரிசையிலிருந்தும் முதலில் பிரிந்த கிளையின் உயிரோடிருக்கும் ஒரே பிரதிநிதி இதுதான். தான்சானியாவின் மகெங்கேயில் கிடைத்த, 4 கோடியே சொச்சம் ஆண்டு பழைய ஏரிப் படிவங்களில் இதன் நெருங்கிய உறவினரின் புதைபடிவம் இருந்தது; கிரீன்வுட் 1960இல் அதை விவரித்தார். டென்டிசெப்ஸைப் பெரிய மீன்பிடித் தொழில் எதுவும் நம்பியிருக்கவில்லை. நைஜீரியா, பெனின் பக்கத்துச் சிற்றாறுகளில் கூட்டமாக நீந்திக்கொண்டு இருக்கிறது. அந்தச் சிற்றாறுகள் சில, உலகில் மிக வேகமாக வீங்கும் நகரங்களில் ஒன்றான லாகோஸின் சுற்றுப்புறத்தில் ஓடுகின்றன. அதனால்தான் அதன் நிலை எனக்குக் கவலை தருகிறது.

இனி அணைகளின் கதை.

1960களுக்கு முன் வோல்ட்டா ஓர் ஆறு. கறுப்பு வோல்ட்டா, வெள்ளை வோல்ட்டா, ஓட்டி என்று கிளைகள் சேர்ந்து, மழைக்காலத்தில் கரைபுரண்டும் கோடையில் குட்டைகளாகச் சுருங்கியும் ஓடிக்கொண்டிருந்தது. பொடி மத்திகள் அதில் இருந்தன. ஆனால் யாரும் பெரிதாகப் பொருட்படுத்தும் அளவில் இல்லை. 1961இல் தொடங்கிய அக்கோசோம்போ அணை 1964இல் நீரைத் தேக்க ஆரம்பித்தது. 1966 ஜனவரியில் அதிபர் குவாமே இன்க்ருமா அதைத் திறந்துவைத்தார். அடுத்த மாதமே ஆட்சியை இழந்தார். அணைக்குப் பின்னால் விரிந்த ஏரி ஏறக்குறைய 8,500 சதுர கிலோமீட்டர், நீளம் 400 கிலோமீட்டர். கானா நிலப்பரப்பில் 100இல் 3 பங்குக்கு மேல் நீரில் மூழ்கியது. 700க்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து சுமார் 80,000 பேர் இடம்பெயர்க்கப்பட்டு 52 புதுக் குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டார்கள். காடு வெட்டப்படவில்லை. மரங்கள் நின்றபடியே மூழ்கின.

முதல் ஆண்டுகளில் ஏரி மூச்சுத் திணறியது. மூழ்கிய தாவரங்கள் அழுகி ஆழ்நீரின் ஆக்சிஜனைத் தின்றன. ஆற்றடியில் பூச்சிப் புழுக்களைத் தோண்டித் தின்றுவந்த யானைமூக்கு மீன்கள் பெருவாரியாகக் குறைந்தன. அதே சமயம் அழுகலிலிருந்து கரைந்த சத்துகளால் நுண்பாசியும், அதைத் தின்னும் மிதவை நுண்ணுயிர்களும் பெருகின. நின்றுபோன மரங்களில் யாரும் எதிர்பாராத ஒரு குடியேற்றம் நடந்தது. பொவில்லா அடுஸ்டா என்ற மே ஈ (mayfly) வகைப் பூச்சியின் புழு, செத்த மரத்தைக் குடைந்து ஆங்கில ‘யு’ வடிவ வளை அமைத்துக்கொள்ளும். ஏரியின் கோடிக்கணக்கான மூழ்கிய மரங்கள் அதற்குச் சொர்க்கமாயின. அந்தப் புழுக்கள் ஏரி மீன்களுக்கு முக்கிய இரையானதைப் பெட்ர் என்ற ஆய்வாளர் 1970இல் விரிவாக எழுதியிருக்கிறார்.

ஆற்றில் இதுவரை இல்லாத ஒன்றும் உருவானது: அகன்ற, ஆழமான, கரையைச் சாராத திறந்தவெளி நீர். அப்படி ஒரு வெளியில் வாழ்வதற்கு ஆற்றுமீன்களில் பெரும்பாலானவற்றுக்குத் தெரியாது. அவை அடிமண்ணையோ கரைச் செடியையோ நம்பியவை. மத்திக்கு அது பூர்வ வீடு. செவுள்முட்களால் மிதவை உயிர்களை வடித்துண்ணவும், வெட்டவெளியில் ஒதுங்க இடமின்றிக் கூட்டத்தையே கவசமாக்கவும், காற்றுப்பையோடு இணைந்த உட்காதால் தூரத்து ஓசையைப் பிடிக்கவும் அதன் உடல் கடலிலேயே பழகியிருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆற்றில் சுருங்கிக் கிடந்த அந்தத் திறமைக்கு ஒரே பத்தாண்டில் மறுபடி களம் கிடைத்தது. ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1970களின் தொடக்கத்தில் புதிய ஏரியின் சிறு மீன்களைத் தொடர்ந்து ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரைகள், இந்தப் பெருக்கம் நடக்கும்போதே அதைப் பதிவுசெய்தவை. ஓர் உயிரினம் புதிய வெளியைக் கைப்பற்றுவதை நடக்கும்போதே காணும் வாய்ப்பு உயிரியலாளர்களுக்கு அபூர்வம்.

நைஜீரியாவில் நைஜர் ஆற்றின் மேல் கட்டிய கைஞ்சி அணையிலும் இதுவே திரும்ப நடந்தது. 1968இல் நிரம்பிய அந்த ஏரி சுமார் 1,270 சதுர கிலோமீட்டர். அது மூழ்கடித்த புஸ்ஸா ஊரின் அருவிப் பாறைகளில்தான் 1806இல் மங்கோ பார்க் என்ற ஸ்காட்டியப் பயணி உயிரிழந்தார். இன்று அந்தப் பாறைகளின் மேல் மத்திக் கூட்டங்கள் திரிகின்றன. நைஜரின் கீழ்ப்பகுதியில் பொடிமீனைக் கீழிருந்து மேலே தூக்கிப் பிடிக்கும் ‘அட்டாலா’ என்ற தூக்குவலை அணைக்கு முன்பே வழக்கில் இருந்தது. ஆற்றோரச் சமூகங்களுக்கு இந்த மீன் புதிதல்ல. ஏரி அதன் அளவைத்தான் மாற்றியது. புலிமீனும் நைல் கொடுவாவும் மத்தியைத் தின்று கொழுக்கத் தொடங்கின. ஆக, மத்தியைச் சாப்பிடாத மனிதரும் மத்தியால் கொழுத்த பெரிய மீன் வழியாக அதைச் சாப்பிட்டார்கள்.

ஸாம்பேசி ஆற்றில் 1950களின் இறுதியில் கட்டப்பட்ட கரீபா அணையை இதோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஸாம்பேசியில் மத்தி இல்லை. 5,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த கரீபாவின் திறந்தவெளி நீர் ஆளில்லாத வீடாகக் கிடந்தது. கடைசியில் 1967, 68இல் தங்கானிக்காவிலிருந்து லிம்னோத்ரிசா மத்தியை விமானத்தில் கொண்டுவந்து விட்டார்கள். சில ஆண்டுகளில் அது ஏரி முழுதும் பரவி, இரவில் விளக்கு வைத்துப் பிடிக்கும் ‘கபென்டா’ தொழிலாக வளர்ந்தது. கறுப்பு வெள்ளை மீன்கொத்தி கரையை விட்டு ஏரி நடுவுக்குப் பறந்து போய் மீன்பிடிக்கக் கற்றுக்கொண்டது. அணையின் சுழலிகளைக் கடந்து பிழைத்த மத்திகள், கீழே மொசாம்பிக்கின் கஹோரா பாசா நீர்த்தேக்கம் 1974இல் நிரம்பியதும் அங்கேயும் குடியேறின. கரீபாவில் மனிதர் விமானம் வைத்துச் செய்த வேலையை, வோல்ட்டாவிலும் கைஞ்சியிலும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வந்து தங்கிய ஆற்றுமத்தி தானாகவே செய்து முடித்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஆறுகள் இந்தச் செல்வத்தை உள்ளேயே வைத்திருந்தன.

இலங்கையிலும் ஒரு சான்று இருக்கிறது. பொலநறுவையில் பராக்கிரமபாகு மன்னன் 12ஆம் நூற்றாண்டில் அமைத்த பராக்கிரம சமுத்திரத்தில் எஹிரவா புளுவியாட்டிலிஸ் என்ற நுண்மத்தி வாழ்கிறது. 1929இல் தெரணியகலை விவரித்த இனம். ஆற்றுமுகத்தில் வாழும் ஒரு சின்ன மத்தி, மனிதன் கட்டிய குளத்தின் நடுநீரைத் தனதாக்கிக்கொண்ட கதையே அங்கேயும்.

அணை தந்ததை மட்டும் சொல்லி, அது எடுத்ததை விட்டுவிடுவது நேர்மையாகாது. அக்கோசோம்போவுக்குக் கீழே ஆற்றில் வெள்ளம் வருவது நின்றது. கீழ் வோல்ட்டாவில் பெண்கள் மூழ்கி எடுத்து விற்றுவந்த ஆற்றுச் சிப்பித் தொழில் நலிந்தது. அந்தச் சிப்பியின் இனப்பெருக்கம், வெள்ளமும் உவர்நீரும் பருவந்தோறும் சந்திக்கும் இடத்தை நம்பியது. அப்பகுதியின் தோங்கு ஈவே இன மீனவர்கள் பலர் ஊரை விட்டு, நீரைத் தொடர்ந்து ஏரிக்கரைக்குக் குடிபெயர்ந்தார்கள். ஏரியின் 4,800 கிலோமீட்டர் கரை நெடுகிலும் அவர்களுடைய குடியிருப்புகள் முளைத்தன. ஒரே அணை, கீழே ஒரு பெண்கள் தொழிலை முடித்துவைத்து, மேலே ஒரு பொடிமீன் தொழிலைப் பிறப்பித்தது. இந்தக் கணக்கில் லாபம் பெற்றவரும் நட்டப்பட்டவரும் ஒரே ஆட்கள் அல்ல.

மூழ்கிய மரங்களும் கணக்கில் சேரும். வலை அவற்றில் சிக்கிக்கொள்ளும். மூழ்கி விடுவிக்க வேண்டும். ஏரிக்கரைகளில் இந்த ஆபத்தான வேலைக்குச் சிறுவர்கள் பயன்படுத்தப்பட்டதும், சிலர் உயிரிழந்ததும் உலகறிந்த செய்திகள். 2002இலிருந்து பன்னாட்டு இடம்பெயர்வு அமைப்பு குழந்தைகளை மீட்டுக் குடும்பங்களோடு சேர்க்கும் பணியில் இறங்கியது. 2005இல் கானா ஆட்கடத்தல் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. பொடிமீனின் நன்மைகளை எழுதும் எவரும் இதை ஓர் அடிக்குறிப்பாகத் தள்ளிவிடக் கூடாது. மலிவான மீன் என்பது சில இடங்களில் ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடத்தை விலையாகக் கொண்டு மலிவானது.

இனி வலைக்கு வருவோம். 3 சென்டிமீட்டர் மீனைப் பிடிக்க வேண்டுமானால் கொசுவலைத் துணி போன்ற நுண்கண் வலைதான் வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் ஆப்பிரிக்க உள்நாட்டு மீன்வளச் சட்டங்கள் ஏறக்குறைய எல்லாமே வலைக்கண்ணுக்குக் கீழ்வரம்பு வைத்தவை. அந்த வரம்பின் பின்னாலுள்ள நியாயம் எளியது. குஞ்சைப் பிடிக்காதே, ஒரு தடவையாவது முட்டையிடட்டும், வளர்ந்த பின் பிடி. பெரிதாக வளர்ந்து தாமதமாகப் பருவமெய்தும் மீனுக்கு இது பொருந்தும். சியர்ராத்ரிசாவுக்குப் பொருந்தாது. அதன் முதிர்ந்த மீன்கூட, குஞ்சைத் தப்பவிடுவதற்கென்று வைத்த கண்ணில் புகுந்து போய்விடும். சட்டத்தின் கண்ணுக்கு அந்த இனம் முழுவதும், பிறந்ததிலிருந்து சாகும்வரை, குஞ்சுதான்.

எதிர்த்தரப்பிலும் வலுவான நியாயம் இருக்கிறது. கைஞ்சியில் மத்திக்காக இழுத்த கரைவலை, ஆழமற்ற கரைநீரில் வளரும் மற்ற மீன்களின் குஞ்சுகளையும் சேர்த்து அரித்தது. மீன்வளத் துறைகளும் ஜெர்மன் உதவியோடு 1990களில் அங்கே நடந்த மேம்பாட்டுத் திட்டமும் இதை நேரில் கண்டு கவலைப்பட்டன. அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஏரியைப் பகிரும் நைஜர், கெப்பி மாநிலங்கள் கரைவலைக்குத் தடை கொண்டுவந்தன. தடைக்குக் காரணம் மத்தியைப் பாதுகாப்பது அல்ல, மத்தியோடு சேர்ந்து மாட்டும் மற்றவற்றைப் பாதுகாப்பது. இந்த வேறுபாடு பொதுப் பேச்சில் மறைந்துவிடுகிறது. ‘கொசுவலை போட்டு ஏரியை அழிக்கிறார்கள்’ என்ற ஒற்றை வாக்கியத்தில் மீனவரும் மீனும் ஒன்றாகக் குற்றவாளிகளாகிறார்கள்.

மீன்வள அறிவியலிலேயே இந்தப் பழைய அளவுகோல் கடந்த 15 ஆண்டுகளாகக் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. 2012இல் ‘சயின்ஸ்’ இதழில் கார்சியா முதலானோர் எழுதிய கட்டுரை, பெரிய மீனை மட்டும் தெரிந்தெடுத்துப் பிடிப்பதே நீர்ச்சூழலின் கட்டமைப்பைக் குலைக்கிறது என்று வாதிட்டது. ஒவ்வோர் இனமும் அளவும் எவ்வளவு விளைகிறதோ அதற்கேற்பப் பகிர்ந்து பிடிப்பதே நல்லது என்றது. அதன் ஆசிரியர்களில் ஒருவரான யெப்பே கோல்டிங் ஆப்பிரிக்க ஏரிகளில் நீண்டகாலம் உழைத்தவர். 2019இல் அவரும் சகாக்களும் உலக உணவு வேளாண் அமைப்புக்காக எழுதிய அறிக்கை, ஆப்பிரிக்க உள்நாட்டு மீன் அறுவடையில் முக்கால் பங்குக்கு அருகில் சிறு மீன்களே என்று காட்டியது. அவை ஆண்டுதோறும் தம் எடையைப் போலப் பல மடங்கு விளைபவை. பெரும்பாலான ஏரிகளில் விளைச்சலுக்குத் தக்க அளவு பிடிக்கப்படாதவை. இந்த வாதத்தை நான் ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. வேகமாக விளையும் மீன் வற்றாத மீன் என்று பொருளில்லை. வாழ்நாள் குறுகியது என்பதால், மழை பொய்த்து ஏரிக்குச் சத்து வராத ஓர் ஆண்டு முழுக் கூட்டத்தையும் சரித்துவிடக்கூடும். அணைநீரின் ஏற்ற இறக்கத்தைத் தீர்மானிப்பது மீன்வளத் துறை அல்ல, மின் உற்பத்தி நிறுவனம். அந்த மேசையில் பொடிமீனுக்காகப் பேசும் ஆள் இருப்பது அரிது.

உணவாகப் பார்த்தாலும் இந்த மீனின் மதிப்பு எடையில் இல்லை, முழுதாகத் தின்பதில் இருக்கிறது. பெரிய மீனில் எலும்பும் தலையும் குடலும் கழிவு. பொடிமீனில் அவையே மருந்து: எலும்பில் கால்சியம், கண்ணிலும் ஈரலிலும் வைட்டமின் ஏ, இரும்பு, துத்தநாகம். இந்த உண்மையை வங்கதேசத்தின் ‘மோலா’ என்ற குளத்துப் பொடிமீனை வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்து நிறுவியவர் சகுந்தலா தில்ஸ்டெட். டிரினிடாடில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த அவருக்கு 2021இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. ஆப்பிரிக்க மத்திகளுக்கும் அதே தர்க்கம் பொருந்தும். இன்னொரு நன்மையும் உண்டு. பெரிய மீனைக் கெடாமல் வைக்க விறகு எரித்துப் புகைபோட வேண்டும். பொடிமீனுக்கு வெயில் போதும். பாறையிலோ பாயிலோ தட்டியிலோ பரப்பினால் விரைவில் கருவாடாகிவிடும். ஐஸ் இல்லை, மின்சாரம் இல்லை. சிறு சிறு குவியலாகக் கூறுகட்டி விற்கலாம் என்பதால், கையில் எவ்வளவு குறைவான காசு இருந்தாலும் ஒரு தாய் அன்றைய குழம்புக்கு வாங்கிவிட முடியும். பெரிய மீனைக் கால் கிலோவுக்குக் குறைத்துக் கேட்கக் கூச்சப்படும் வீடுகளில் இது சின்ன விஷயமல்ல.

கடலோரத்தில் நடப்பது இந்த ஆற்றுமீனின் பொறுப்பை இன்னும் கூட்டுகிறது. மொரிட்டேனியா, செனகல், காம்பியா கரைகளில் கடல் மத்தி கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக மீன்மாவு ஆலைகளுக்குப் போகிறது. அங்கிருந்து மற்ற கண்டங்களின் மீன்பண்ணைகளுக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் தீவனமாகக் கப்பலேறுகிறது. மேற்கு ஆப்பிரிக்கர்கள் காலங்காலமாக உண்ட மீன் அவர்களுடைய சந்தையில் விலையேறிவிட்டது. கடல் மத்தி கைவிட்டுப் போகப் போக, ஏரி மத்தியின் மேல் பாரம் ஏறும். ஏரி மத்திக்கும் தீவனச் சந்தை கண் வைத்தால் அதைத் தடுக்க இன்றைய சட்டங்களில் பிடிமானம் குறைவு. அவை பார்ப்பது வலைக்கண்ணின் அளவை. பிடித்த மீன் யார் தட்டுக்குப் போகிறது என்பது அவற்றின் கவலையாக இல்லை.

கணக்கெடுப்பின் குறையும் இதோடு சேர்ந்ததுதான். வோல்ட்டா ஏரியின் மீன் அறுவடை 1969இல் 60,000 டன்னைத் தாண்டியதாக ஆவணங்கள் சொல்கின்றன. ஆனால் 4,800 கிலோமீட்டர் கரையில், துறைகளில் இறங்காமல் குடியிருப்பு வாசல்களிலேயே காயவைத்துக் கைமாறும் பொடிமீனை எந்த எடைத்தராசும் முழுமையாகப் பிடித்ததில்லை. பதிவேட்டில் இல்லாததற்குத் திட்டத்தில் பணம் ஒதுக்கப்படாது. தடை விதிக்கும்போது மட்டும் அது நினைவுக்கு வரும்.

செய்யக்கூடியவை தொலைவில் இல்லை. மத்தி வாழும் நடுநீரையும் மற்ற மீன்குஞ்சுகள் வளரும் கரைநீரையும் சட்டத்தில் தனித்தனியாகப் பார்க்கலாம். நடுநீரில் இரவில் விளக்கு வைத்து நுண்கண் வலையால் மத்தியைத் தூக்க அனுமதித்து, கரையோரத்தில் நுண்கண் வலையை இழுப்பதைக் குஞ்சுகள் மண்டும் பருவத்தில் நிறுத்தலாம். ஒலி எதிரொலிக் கருவியால் மத்திக் கூட்டங்களை ஆண்டுக்கு இருமுறை அளக்கலாம். தங்கானிக்காவிலும் கரீபாவிலும் இந்த முறை பழகிப்போனது, நியூ புஸ்ஸாவிலுள்ள நைஜீரிய நன்னீர் மீன்வள ஆய்வு நிறுவனத்துக்கும் கானாவின் ஆய்வாளர்களுக்கும் எட்டாத வித்தை அல்ல. கரையில் காயவைக்கும் பெண்களையே கணக்கெடுப்பில் சேர்க்கலாம். ஏரியில் என்ன கிடைக்கிறது, எப்போது குறைகிறது என்பது முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். மூழ்கிய மரங்கள் நிற்கும் பகுதிகளில் வலை வீசுவதைத் தடுத்தால் வலையும் மிஞ்சும், மூழ்க அனுப்பப்படும் பிள்ளைகளும் மிஞ்சுவார்கள். அக்ராவிலும் அபுஜாவிலும் அடுத்துத் திருத்தப்படும் மீன்வள விதிகளில், குறைந்தபட்ச வலைக்கண் என்ற பத்திக்குக் கீழே சியர்ராத்ரிசா, பெல்லோனுலா என்ற இரண்டு பெயர்களும், அவை எந்த வயதில் முட்டையிடுகின்றன என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.